பழவேற்காடு ஏரிக்கரை மண்ணில் சிவப்பு, ஊதா நிறமி பாக்டீரியா: மருந்துக்கு ஆகுமா, எப்படிச் சோதிப்பது?

தடா_மாணவி

வணக்கம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் கடைசி வருட ப்ராஜெக்ட். தடா பக்கம் பழவேற்காடு ஏரிக்கரை ஈரமண் ஒன்று, ஆரம்பாக்கத்தை ஒட்டிய வேர்க்கடலை நிலத்து மண் ஒன்று. நியூட்ரியன்ட் அகாரில் ஸ்ப்ரெட் ப்ளேட் போட்டு, வெளியிலேயே மூன்று நாள் வைத்ததில் ஏரிக்கரை மண்ணில் ரத்தச் சிவப்புக் காலனியும், நிலத்து மண்ணில் கரு ஊதாக் காலனியும் கிடைத்தன.

சிவப்பை மெத்தனாலில் எடுத்து வெல் டிஃப்யூஷன் (அகாரில் குழி வெட்டிச் சாற்றை ஊற்றி, சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளப்பது) செய்தேன். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு 14 மி.மீ. வளையம். ஈ. கோலைக்கு 9 மி.மீ. வெல் 6 மி.மீ.

சந்தேகங்கள்:

சிவப்பை 37 டிகிரி இன்குபேட்டரில் சப்கல்ச்சர் செய்தால் வெள்ளையாக வளர்கிறது. கல்ச்சர் கெட்டுவிட்டதா?

எடுத்த சாறு ஒருநாள் ரோஜா நிறம், மறுநாள் வேறு குடுவையில் மஞ்சள். ஏன்?

இது ப்ரோடிஜியோசின் என்ற சிவப்பு நிறமிதான் என்று எழுதலாமா? தலைப்பில் "புற்றுநோய் எதிர்ப்பு" என்று போடச் சொல்கிறார்கள். கைவசம் நான்கு மாதம், யூ.வி. ஸ்பெக்ட்ரோ, சென்ட்ரிஃப்யூஜ், ரோட்டரி எவாப்பரேட்டர். செல் கல்ச்சர் வெளியில் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். என்ன செய்தால் உருப்படியாக இருக்கும்?

---

உவர்மண்

கல்ச்சர் கெடவில்லைம்மா. ப்ரோடிஜியோசின் தயாரிக்கும் செராஷியா மார்சசென்ஸ் 37 டிகிரியில் நன்றாக வளரும், நிறம் மட்டும் வராது. ப்ரோடிஜியோசின் இரண்டு துண்டுகளாகத் தனித்தனியே தயாராகி, கடைசியில் ஒரு நொதி அவற்றை இணைக்கிறது. சூடு ஏறினால் அடிபடுவது அந்த இணைக்கும் வேலைதான். 28 டிகிரியில் வை, சிவப்பு திரும்பும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அறை வெப்பம் 34, 35 போகும். "வெளியில் வைத்தேன்" என்று விட்டுவிடாதே, குளிரூட்டும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டரில் 28 வைத்துக்கொள்.

28-லும் வெள்ளையாகவே நிற்கும் காலனிகள் சில வரும். அவை நிஜமாகவே நிறமி இழந்தவை. சப்கல்ச்சர் செய்யும்போது கண்ணால் பார்த்துச் சிவப்பை மட்டும் எடு. இப்போதே ஐந்தாறு குப்பியில் 20 சதவீத கிளிசராலில் போட்டு உறைய வை. ஆனால் அந்த வெள்ளைக் காலனியில் ஒன்றையும் தனியாகப் பத்திரப்படுத்து, பின்னால் கன்ட்ரோலுக்கு வேண்டும்.

ஊடகத்தில் குளுக்கோஸ் போடாதே. அதைத் தின்று அமிலம் விட்டு பி.ஹெச். இறங்கும், நிறமும் மங்கும். கிளிசரால் நல்லது.

மஞ்சளானதற்குக் காரணம் காரத்தன்மை. ப்ரோடிஜியோசின் அமிலத்தில் ரோஜாச் சிவப்பு, ஒளி உறிஞ்சும் உச்சம் 535 நானோமீட்டர். காரத்தில் ஆரஞ்சு மஞ்சள், உச்சம் 470 பக்கம் வந்துவிடும். குடுவையில் சோப்பு மிச்சம் இருந்தாலே போதும். இதையே சோதனையாகவும் வைத்துக்கொள். ஒரு மி.லி. சாற்றில் ஒரு சொட்டு அமிலம், இன்னொன்றில் ஒரு சொட்டு அம்மோனியா. மாறி மாறி ஊற்றினால் நிறமும் மாறி மாறித் திரும்ப வேண்டும். கரோட்டினாய்டாக இருந்தால் இப்படி ஆடாது.

ஆனால் இதை வைத்து "செராஷியா" என்று எழுதாதே. ஏரிக்கரை மண் உவர்மண். விப்ரியோ கேசோஜீன்ஸ், ஜூஷிகெல்லா, ஹஹெல்லா என்று கடல் பக்கத்து பாக்டீரியாக்களிலும் ப்ரோடிஜியோசின் உண்டு. உப்பே போடாத அகாரிலும் 3 சதவீத உப்பு போட்டதிலும் பக்கத்தில் பக்கத்தில் ஸ்ட்ரீக் செய். உப்பில்லாமல் வளராவிட்டால் செராஷியா இல்லை. வளர்ந்தால் கிராம் ஸ்டெயின், டி.என்.ஏஸ் அகார் (டி.என்.ஏ.வை உடைக்கிறதா என்ற சோதனை), ஜெலட்டின் பார்த்துவிட்டு 16எஸ் (இனத்தைக் காட்டும் மரபணு) வரிசைக்குக் கொடு. செராஷியாவுக்கு டி.என்.ஏஸும் ஜெலட்டினேஸும் பாசிட்டிவ் வரும். வெளிர் ரோஜா நிறத்தில் ரோடோடொருலா ஈஸ்ட்டும் வந்து ஏமாற்றும். மைக்ராஸ்கோப்பில் மொட்டு விடும் பெரிய செல் தெரிந்தால் அது ஈஸ்ட்.

---

கள்ளிப்பெட்டி_கல்ச்சர்

ஊதாவைப் பற்றி முதலில் ஒரு எச்சரிக்கை. வெப்பமண்டல மண்ணிலும் நன்னீரிலும் ஊதா என்றால் க்ரோமோபாக்டீரியம் வயலேசியம் ஆக இருக்கும் வாய்ப்பு அதிகம். மனிதருக்கு அரிதாகத்தான் தொற்றும். தொற்றினால் தோல் புண்ணில் தொடங்கி ரத்தத்தில் ஏறி ஈரலில் சீழ்க்கட்டி வரை போகும், இறப்பு விகிதம் அதிகம். கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் அந்த ப்ளேட்டைத் திறக்கவே வேண்டாம். கையுறை, பாதுகாப்பு கேபினட், முடித்ததும் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ். செராஷியாவும் மருத்துவமனைத் தொற்றுக்குப் பேர்போனதுதான். இரண்டையும் இரண்டாம் நிலைப் பாதுகாப்பில் கையாள வேண்டும்.

எளிய அடையாளம்: 37 டிகிரியில் ஒரு ப்ளேட், 25-ல் ஒரு ப்ளேட். ஜான்தினோபாக்டீரியம் லிவிடமும் அதே ஊதா நிறமியான வயலேசினைத் தயாரிக்கும், ஆனால் அது குளிர் விரும்பி, 37-ல் பொதுவாக வளராது. 37-ல் ஊதாவாக வளர்ந்தால் க்ரோமோபாக்டீரியம் என்று எண்ணியே நடந்துகொள்.

வயலேசின் இரண்டு ட்ரிப்டோஃபான் மூலக்கூறிலிருந்து உருவாவது. அதனால் ட்ரிப்டோஃபான் உள்ள ட்ரிப்டோன் ஊடகம் தேவை. காற்றோட்டமும் வேண்டும், அசையாமல் வைத்தால் மேற்பரப்பில் மட்டும் வளையமாக ஊதா வரும். எத்தனாலில் எடுத்தால் உச்சம் 575 பக்கம். செல் கூட்டம் அடர்த்தியான பிறகுதான் நிறம் வரும், கோரம் சென்ஸிங் கட்டுப்பாடு அது. 12 மணி நேரத்தில் நிறம் இல்லை என்று குடுவையைக் கொட்டிவிடாதே.

---

நகரி_நெசவு

சிவப்புக்கு அளவோடு ஒரு செய்முறை.

மகசூல்தான் குறி என்றால் வேர்க்கடலைத் தூள் ஊடகம். தோல் நீக்கிய பருப்பைப் பொடித்து லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம், ஆட்டோகிளேவ் செய்து, 28 டிகிரியில் சுழற்றினால் போதும். கொழுப்பு அமிலங்கள் நிறமியைத் தூண்டும், எள்ளுத் தூளும் அப்படியே. நகரி, புத்தூர்ப் பக்கம் கடலை மலிவு, ஜவுளிச் சாயத்துக்கு முயல்கிறவர்களுக்கு இதுதான் வழி.

மருந்துச் சோதனைக்கு இதைத் தொடாதே. கடலை எண்ணெயும் மெத்தனாலோடு வந்துவிடும். காய்ந்த பிசின் 200 மி.கி. என்று எடை போட்டால் பாதிக்கு மேல் எண்ணெயாக இருக்கும். அதை "நிறமி மகசூல்" என்று எழுதினால் மொத்தக் கணக்கும் பொய்.

உனக்கு: பெப்டோன் 10 கிராம், கிளிசரால் 10 மி.லி., லிட்டருக்கு. பி.ஹெச். 7. 500 மி.லி. குடுவையில் 100 மி.லி. மட்டும் ஊற்று, நிறைத்தால் காற்று போதாது. 28 டிகிரி, 150 சுழற்சி, 48 மணி நேரம். பின்:

8,000 சுழற்சியில் 10 நிமிடம். நிறமி பெரும்பாலும் செல்லிலேயே தங்கும், மேல்நீரைத் தனியாக வைத்துவிட்டு வண்டலை எடு. ஒருமுறை தண்ணீரில் கழுவு.

மெத்தனால் 24 பங்கு, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 பங்கு. வண்டலுக்கு 10 மி.லி. ஊற்றி வோர்டெக்ஸ், திரும்ப சென்ட்ரிஃப்யூஜ். வண்டல் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை.

ரோட்டரியில் 40 டிகிரிக்கு மேல் போகாதே. காய்ந்ததைக் குளோரோஃபார்மில் கரைத்துத் தண்ணீரோடு குலுக்கினால் உப்பும் பெப்டோனும் தண்ணீர்ப் பக்கம் போகும். அதன்பின் சிலிகா காலம் (சிலிகா நிரப்பிய கண்ணாடிக் குழாய்). குளோரோஃபார்மில் தொடங்கி மெத்தனாலைச் சிறிது சிறிதாக ஏற்று, சிவப்புப் பட்டையை மட்டும் பிடி.

எல்லாம் கண்ணாடிக் குப்பியில், அலுமினியத் தாள் சுற்றி. நீரில் கரையாத நிறமி பிளாஸ்டிக்கில் ஒட்டும், வெளிச்சத்தில் வெளுக்கும்.

அளவு கண்டுபிடிக்க எடையை நம்பாதே. அமிலம் சேர்த்த எத்தனாலில் 535-ல் மோலார் உறிஞ்சல் 1,39,800, மூலக்கூறு எடை 323.4. அதாவது லிட்டருக்கு 1 மி.கி. இருந்தால் ஒளி உறிஞ்சல் அளவீடு 0.432. உதாரணமாக 10 மி.லி. சாற்றை 100 மடங்கு நீர்த்து 0.54 வந்தால், 0.54-ஐ 0.432-ஆல் வகுக்க 1.25, நூறால் பெருக்க லிட்டருக்கு 125 மி.கி. உன் 10 மி.லி.யில் 1.25 மி.கி. அதே 10 மி.லி. காய்ந்து 20 மி.கி. எடை இருந்தால் நிறமி ஆறே கால் சதவீதம்தான். "100 மைக்ரோகிராம் கொடுத்தேன்" என்று எழுதும்போது உண்மையில் கொடுத்தது 6 மைக்ரோகிராம். மீதி 94 என்னவென்று தெரியாமல் எந்த மருத்துவக் குணத்தையும் பேச முடியாது.

---

இலுப்பை

மேலே சொன்ன 94 தான் விஷயம். செராஷியாவின் பல வகைகள் ப்ரோடிஜியோசினோடு செராவெட்டின் என்ற சோப்புத்தன்மையுள்ள லிப்போபெப்டைடையும் விடும். அதற்கே கிருமியைக் கொல்லும் திறன் உண்டு. உன் 14 மி.மீ. எதனால் என்று கச்சாச் சாற்றை வைத்துச் சொல்ல முடியாது. உவர்மண் சொன்ன வெள்ளைக் காலனியின் சாறு ஒரு வெல்லில் கட்டாயம் வேண்டும். அதிலும் கவனம்: சில வெள்ளை மரபுமாற்றங்களில் இரண்டு பொருளுமே ஒரே நொதி போனதால் சேர்ந்து நின்றுபோயிருக்கும். ஆகவே வெள்ளையில் வளையம் வராவிட்டால் சிவப்புதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. சிலிகா காலம் வழியே பிரித்த சிவப்புப் பட்டைதான் கடைசிச் சாட்சி.

ஈ. கோலைக்கு வந்த 9 மி.மீ. மேல் எனக்குச் சந்தேகம். ப்ரோடிஜியோசினும் வயலேசினும் ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் மேல் நன்றாக வேலை செய்யும், ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவின் வெளிச்சவ்வு பெரும்பாலும் தடுத்துவிடும். 6 மி.மீ. வெல் போக ஒன்றரை மி.மீ. விளிம்பு என்பது மெத்தனால் செய்த வேலையாக இருக்கலாம். அதே மெத்தனாலை மட்டும் ஒரு வெல்லில் வைத்துப் பார். சாற்றை முழுதாக உலர்த்தி டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து வைப்பதே முறை.

வெல் டிஃப்யூஷனே இந்த நிறமிகளுக்குச் சரியான அளவுகோல் இல்லை. நீரில் கரையாததால் அகாரில் நகராது, வெல்லைச் சுற்றிச் சிவப்பாகவே நிற்கும். வளையம் சிறிது என்றால் திறன் குறைவு என்று பொருளல்ல. 96 குழித் தட்டில் எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பார். முல்லர் ஹின்டன் ப்ராத், மி.லி.க்கு 5 லட்சம் செல், 35 டிகிரி, 16 முதல் 20 மணி நேரம், டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்துக்குள்.

இங்கேதான் பலர் விழுவது. ரெசாசூரின் சாயம் நீலத்திலிருந்து ரோஜாவாக மாறினால் வளர்ச்சி என்று படிப்போம். உன் நிறமியே ரோஜா! அதிகச் செறிவுக் குழிகள் எல்லாம் "வளர்ந்தது" போலத் தெரியும். கலங்கலையும் கண்ணால் படிக்க முடியாது. ஒவ்வொரு குழியிலிருந்தும் 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகாரில் பொட்டு வைத்து மறுநாள் காலனி வருகிறதா பார்ப்பதுதான் நம்பகம், அது காட்டுவது கொல்லும் செறிவை என்று குறித்துக்கொள்.

டி.பி.பி.ஹெச். ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்புச் சோதனை 517-ல் படிக்கப்படுகிறது. 535-ல் உச்சம் உள்ள சிவப்பு அங்கேயும் ஒளியை விழுங்கும். டி.பி.பி.ஹெச். இல்லாமல் அதே செறிவு நிறமி மட்டும் போட்ட ப்ளாங்க் ஒவ்வொரு செறிவுக்கும் தனித்தனியே வைத்துக் கழிக்க வேண்டும். ஒரே மெத்தனால் ப்ளாங்கை வைத்துப் படித்தால் வரும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

செல் சோதனைக்கு வெளியில் கொடுக்கப் போகிறாய் அல்லவா, எம்.டி.டி.யை (உயிருள்ள செல்லில் ஊதாவாக மாறும் சாயம்) 570-ல் படிப்பார்கள். வயலேசின் உச்சம் 575! செல் எல்லாம் செத்துக்கிடந்தாலும் உயிரோடு இருப்பதாகக் காட்டும். எம்.டி.டி. சேர்க்கும் முன் நிறமி ஊடகத்தை உறிஞ்சி எடுத்து, பி.பி.எஸ். உப்புக் கரைசலில் இருமுறை கழுவச் சொல். செல் இல்லாமல் நிறமி மட்டும், நிறமியும் எம்.டி.டி.யும் சேர்ந்து, என்று இரண்டு வகை ப்ளாங்க் கேள். கூடவே ட்ரிப்பான் ப்ளூ எண்ணிக்கையோ காலனி உருவாகும் சோதனையோ ஒன்று இருந்தால்தான் நம்பலாம். டி.எம்.எஸ்.ஓ. இங்கே 0.5 சதவீதத்துக்குள்.

இரண்டும் கிராம் நெகட்டிவ் என்பதால் எண்டோடாக்சினும் (அவற்றின் வெளிச்சவ்வு நச்சு) சாற்றோடு வரும். அழற்சி, நோயெதிர்ப்பு என்று எதையாவது பார்க்க நினைத்தால் அதை அளக்காமல் தொடங்காதே.

---

தடா_மாணவி

எல்லோருக்கும் மிக்க நன்றி. சிவப்பு உப்பில்லாமலும் வளர்கிறது. டி.என்.ஏஸ் பாசிட்டிவ். ஊதா 37-லும் ஊதாவாக வளர்கிறது. அதை மூடி வைத்துவிட்டேன். மெத்தனால் மட்டும் வைத்த வெல்லில் ஈ. கோலைக்கு 9 மி.மீ. அப்படியே வந்தது, ஸ்டாஃபைலோகாக்கஸுக்கும் 9.

அப்படியென்றால் நிறமிகளில் நிஜமாகவே மருந்தானது ஏதாவது உண்டா? தலைப்பை எப்படி வைப்பது?

---

இலுப்பை

உண்டு. நாம் அவற்றை நிறமி என்று நினைப்பதில்லை, அவ்வளவுதான். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சாகப் போகுமே, அது ரிஃபாம்பிசின். அதன் தாய்ப்பொருள் ரிஃபாமைசின், 1957-ல் பிரான்ஸின் தென்கடற்கரை மண்ணில் எடுத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. ஆக்டினோமைசின் ஆரஞ்சுச் சிவப்பு, 1940-ல் வாக்ஸ்மனும் வுட்ரஃபும் ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து எடுத்தது, அதன் டி வகை குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. டானோரூபிசின் என்ற பெயரிலேயே மாணிக்கச் சிவப்பு இருக்கிறது. இத்தாலிய மண்ணின் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பியூசெட்டியஸ் தந்தது, அதன் மரபுமாற்ற வகையிலிருந்து டாக்ஸோரூபிசின்.

இவை எதுவும் நிறத்துக்காக மருந்தாகவில்லை. டானோரூபிசின் டி.என்.ஏ. அடுக்குக்குள் செருகிக்கொள்கிறது, ரிஃபாமைசின் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸைப் பிடிக்கிறது. ஒளியை உறிஞ்சும் தட்டையான வளைய அமைப்பு அந்த வேலைக்கும் உதவுகிறது. விலையும் உண்டு. டாக்ஸோரூபிசின் இதயத்தைக் கெடுக்கும், அதனால் வாழ்நாள் மொத்த அளவுக்கு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 550 மி.கி. என்ற எல்லை வைத்திருக்கிறார்கள்.

ப்ரோடிஜியோசின் அந்த இடத்துக்கு வரவில்லை. ஹைட்ரஜன், குளோரைடு அயனிகளைச் சேர்த்துச் சுமந்து சவ்வைக் கடக்கும், செல்லுக்குள் இருக்கும் அமிலப் பைகளின் பி.ஹெச்.சைக் குலைக்கும். அது புற்றுச் செல்லுக்கு மட்டும் நடப்பதில்லை. அதே அமைப்பைப் பின்பற்றி உருவாக்கிய ஒபாட்டோக்ளாக்ஸ் மனிதரில் இரண்டாம் கட்டச் சோதனை வரை போனது. தூக்கக் கலக்கம், நடை தள்ளாட்டம் போன்ற நரம்புப் பக்கவிளைவுகள் வந்தன, அங்கீகாரம் கிடைக்கவில்லை. ஆகவே புற்றுச் செல் வரிசை ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு "எதிர்ப்பு" என்று எழுதாதே. பக்கத்தில் வீரோ அல்லது எல்929 போன்ற சாதாரணச் செல் வைத்து, இரண்டின் ஐ.சி. 50-க்கும் (பாதிச் செல்லைத் தடுக்கும் செறிவு) விகிதம் காட்டு. விகிதம் ஒன்றுக்குப் பக்கம் இருந்தால் அது வெறும் நஞ்சு.

உன் கன்ட்ரோல் முடிவு அருமையானது. ஈ. கோலை வளையம் முழுக்கக் கரைப்பான், ஸ்டாஃபைலோகாக்கஸில் கரைப்பானுக்கு மேல் 5 மி.மீ. மிச்சம். அந்த மிச்சத்தைப் பின்தொடர். தலைப்பு: "பழவேற்காடு ஏரிக்கரைச் செராஷியாவின் சிவப்பு நிறமி: பிரித்தெடுத்தல், ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எதிர்ப்புத் திறன்". 16எஸ் வந்தபின் இனப் பெயரைச் சேர்த்துக்கொள். நான்கு மாதத்துக்கு இது நிறையவே இருக்கிறது. புற்றுநோயை வழிகாட்டியிடம் பேசி எடுத்துவிடு, எம்.ஐ.சி. அட்டவணையும் நிறமிச் சதவீதமும் கையில் இருந்தால் அவரே ஒத்துக்கொள்வார்.

---

உவர்மண்

இரண்டு சேர்க்கை.

ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம். எல்லைக்குள் மண் எடுத்திருந்தால் வனத்துறை அனுமதிக் கடிதம் வேண்டும், ஆந்திரப் பக்கம் ஆந்திர வனத்துறை, இந்தப் பக்கம் தமிழ்நாடு. எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இன்றே குறித்து வை. ஆய்வுக்குத் தடையில்லை, ஆனால் காப்புரிமை என்று யாராவது பேச்செடுத்தால் தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

ஊதாவை வீணாக்காதே, ஆனால் நீயாக வைத்திருக்கவும் வேண்டாம். தகுந்த பாதுகாப்பு வசதி உள்ள ஆய்வகத்துக்கு முறைப்படி மூன்றடுக்குப் பொதியில் அனுப்பு. உள்ளே அகார் ஸ்லான்ட், மூடிமேல் பாராஃபிலிம், சுற்றிலும் உறிஞ்சும் பஞ்சு, அதன்மேல் கசியாத டப்பா, வெளியே அட்டைப்பெட்டி. டப்பாமேல் இனம் "சந்தேகத்துக்குரிய க்ரோமோபாக்டீரியம்" என்று தெளிவாக எழுது. பிரிக்கிறவர் தெரிந்து பிரிக்க வேண்டும். பனிக்கட்டி வைக்காதே, க்ரோமோபாக்டீரியம் குளிர்ச்சியில் சீக்கிரம் செத்துவிடும். அறை வெப்பத்திலேயே போகட்டும்.

---

தடா_மாணவி

சரிங்க சார். கடிதம் நாளைக்கே எழுதுகிறேன். பெப்டோன் கிளிசரால் குடுவை இன்று மாலை 28-ல் வைத்தாயிற்று, வெள்ளைக் காலனிக்கும் தனிக் குடுவை. 535 அளவீடு எடுத்ததும் கணக்கோடு இங்கே போடுகிறேன்.